எம்.ஆர்.ஐ. படத்தில் என் பங்கு

அந்தமான் நிக்கோபார் தீவுகளில், கேம்பல் பேயில் படகுத்துறை, ஹேடோவில் இரண்டு கிடங்குகள், மின்னி பேயில் மூன்று மாடி வீடு. சிமெண்டு ஏற்றிய கப்பல் மாதக்கணக்கில் வராதபோதும், நாலாம் வகுப்போடு நின்ற நான் கட்டியவை இவை. என் பேத்தியின் முழங்கால் படத்தையும் இதில் சேர்க்க வேண்டும்.

ஆறு வயதுக்காரிக்குக் காலையில் முழங்காலை மடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் பிடிபடாததால், மூட்டுக்குள் அழற்சி உண்டா என்று பார்க்க டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இயந்திரத்தின் சத்தத்தில் அவள் இரண்டு முறை துள்ளியதில் படம் கலைந்துவிட்டது. டெக்னீஷியன் இந்தி கலந்த தமிழில் சலித்துக்கொண்டார்.

"தாதாஜி, இன்னொரு வாட்டி கால் ஹிலாச்சுன்னா, அசைஞ்சுதுன்னா, மயக்க ஊசிதான்."

நான் மோதிரம், சங்கிலியெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே போய்க் குனிந்தேன்.

"பாப்பா, அது நம்ம மிக்சர் ஓடுற சத்தம். நீதான் இப்போ போட்ட ஸ்லாப். ஆடினா விரிசல் விழும்."

கட்டட வேலைக்கு நடுவே வளர்ந்தவள், மூச்சுக்கூடப் பார்த்துத்தான் விட்டாள். படம் தெளிவாக விழுந்தது. ஆனால் முடிந்த பிறகும் எழ மறுத்தாள்.

"ஸ்லாப்புக்குத் தண்ணி ஊத்தலையே, தாத்தா?"

டெக்னீஷியன் தடுப்பதற்குள் பாட்டில் தண்ணீரை அவள் காலில் தெளித்தேன். அவர் இந்தியில் திட்டியது எனக்கு நன்றாகவே புரிந்தது.

அழற்சி இருப்பது படத்தில் தெரிந்து, மருந்தும் தொடங்கிவிட்டார்கள். ரிப்போர்ட்டில் டாக்டர் பெயரும் டெக்னீஷியன் பெயரும் மட்டும் இருக்கின்றன. அவளை அசையாமல் கிடக்க வைத்தவன் பெயரையும் அதில் அச்சடித்துத் தர வேண்டும்.