தேய்பிறைக்குக் காத்திருந்த பூண்டு

எமெல்யான் குஸ்மிச் ஒரு கையில் தேநீர்க் கோப்பையைப் பிடித்தபடி, தோட்டவீட்டுச் சுவரில் தொங்கும் நிலா நாட்காட்டியில் மறு கையின் விரலை ஓட்டுகிறார். இன்றைக்கும் ஆகாதாம், வளர்பிறையாம். போன தேய்பிறையில் நட்டிருக்கலாமே என்றால், அப்போது ராசி சரியில்லையாம். முப்பது வருஷம் டிராம் ஓட்டிய மனிதர், பச்சை விளக்கு எரியாமல் நகரமாட்டார். முடி வெட்டிக்கொள்ளக்கூட நாள் பார்ப்பார்.

அவருடைய விதைப்பூண்டு பத்தொன்பது வருஷமாக அவரே பொறுக்கி வளர்த்த வகை. ஊதா வரி, தலைக்கு ஆறே ஆறு தடித்த பல். எந்தக் கடையிலும் கிடைக்காது. அக்டோபரில் மண்ணுக்குள் போய்க் குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் தூங்கினால்தான் கோடையில் பல் பிரியும். பெட்டியிலேயே விட்டால் வற்றிப்போகும், வம்சம் அதோடு சரி. பாத்திக்குச் சாம்பல் தூவியாயிற்று, முளைக்குச்சி அடித்த பலகையை அழுத்திக் குழியும் போட்டாயிற்று. நடுவதுதான் பாக்கி. அதற்கு இருபத்தேழாம் தேதி வரவேண்டுமாம்.

வேலிக்கு அந்தப்பக்கம் ரயீசா எப்போதோ நட்டு, சருகு போட்டு மூடிவிட்டாள். நாட்காட்டி பார்க்க அவளுக்கு ஏது நேரம்? ஆனால் வம்பிழுக்க மட்டும் நேரம் இருந்தது.

"என்ன குஸ்மிச், நிலா கிட்டேருந்து இன்னும் கடுதாசி வரலையா?"

"வெவரம் தெரியாதவங்க கிட்ட நான் பேசறதில்ல."

இருபத்துநாலாம் தேதி காலையில் மண் பதம் பார்க்கப் பாத்தியில் மண்வெட்டியைப் போட்டார். ணங்கென்றது. மண்ணைப் போர்த்தப் பனி விழாமல் வெறும் குளிர் வந்து அந்த மண்ணைக் கல்லாக்கியிருந்தது. பாவம், குளிருக்கு நாட்காட்டி படிக்கத் தெரியாது போலும். குஸ்மிச் பூண்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

வேலி வழியே பார்த்த ரயீசா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"உக்காந்திருந்தா ஆச்சா? அடுப்பைப் பத்த வைங்க. எங்க வீட்லயும் தண்ணி கொதிக்குது."

அவள் வாளி வாளியாக வெந்நீர் ஊற்றினாள். அவர் கடப்பாரையால் குத்தி, சூடு ஆறியதும் ஒவ்வொரு பல்லாகச் செருகினார். மதியத்துக்குள் பெட்டி காலி. மிச்சமிருந்த சருகு மூட்டையையும் அவளே தூக்கி வந்து பாத்திமேல் கொட்டினாள்.

"இன்னைக்கு நாள் எப்படியாம்?"

குஸ்மிச் உள்ளே போய் நாட்காட்டி முன்னால் நின்றார். இருபத்துநாலாம் தேதிக் கட்டத்தில் கிட்டத்தட்ட முழு நிலா அச்சிட்டிருந்தது. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, நாக்கில் ஒற்றி, அந்த நிலாவில் பாதியைக் கறுப்பாக்கினார்.