விமலா போட்ட கோடு

மலையூரான ரிங்லெட்டில் ஒரு கடையில் ரொட்டி சானாய்க்குக் காத்திருந்தபோது விமலாவின் தம்பி கைப்பேசியில் அழைத்தார். "அக்கா தவறிட்டாங்கண்ணே. காலையில நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு," என்றார். அதற்குப் பிறகு அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை. ரொட்டி வந்து ஆறிப்போனது. கடைக்கார பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீட்டு வாசல்களில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கும் விமலாவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அவரும் நானும் ஒரே சிறு தொண்டு அமைப்பில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தோம். இருவரும் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். நான் அவருக்கு ஒன்பது வயது மூத்தவன். அந்த ஒன்பது வயதை வைத்துக்கொண்டு நான் காட்டிய அதிகாரத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நாற்பதாவது வயதில், சமூகப்பணியில் முதுகலை படிக்கப் போவதாகச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். தோட்டத்திலேயே பிறந்தவர்களுக்குத் தோட்டத்து மக்களைப் பற்றி எந்தப் புத்தகம் சொல்லித்தரப் போகிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எல்லாம் தெரியும்னு நெனச்சுக்கிட்டு இருக்கோம்லா, அதுதாண்ணே பயமா இருக்கு," என்றார். பிறகு இரண்டு ஆண்டுகள், வெள்ளி தோறும் பஸ் பிடித்து கோலாலம்பூருக்கு இறங்கினார். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே படித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். திங்கள் காலை பார்த்தால் எங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் இருப்பார். இந்தப் பெண்ணுக்கு உடம்பு எதனால் ஆனது என்று நான் மலைத்துப்போன நாட்கள் உண்டு.

படிப்பு முடிந்து பட்டத்தோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தார். நோட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவார். அவர்கள் சொன்னது இடப்பக்கம், தான் நினைத்தது வலப்பக்கம். எழுதி முடித்ததும் இடப்பக்கத்தைச் சம்பந்தப்பட்டவருக்கு வாசித்துக்காட்டுவார். பயிற்சியில் ஓர் அம்மாவைப் பற்றி அவர் எழுதிய முதல் அறிக்கையைப் பேராசிரியர் திருப்பிக் கொடுத்து, இதில் நீதான் இருக்கிறாய், அந்த அம்மா எங்கே என்று கேட்டாராம். அதை நான்கு முறை திருப்பி எழுதினேன் என்றார். எனக்கு அதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலையாகத் தெரிந்தது.

ராணியின் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது. ராணி கொழுந்து வெட்டும் பெண், கணவர் இல்லை, ஐந்து வயதிலும் நான்கு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். பிள்ளைகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறார் என்று புகார் வந்தது. நான் போய்ப் பார்த்தேன், பூட்டு தொங்கியது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் ராணியைப் பிடித்துத் திட்டினேன். அவர் தலைகுனிந்து, "தப்புதாங்கய்யா," என்றார். பொறுப்பற்ற தாய், தவறை ஒப்புக்கொண்டார், பிள்ளைகளைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்கலாம் என்று எழுதினேன். நலத்துறை அதிகாரி அடுத்த வாரம் முடிவெடுப்பதாக இருந்தது.

விமலா அந்த அறிக்கையை வாங்கிப் படித்தார். வெள்ளைத்தாளில் கோடு போட்டு, ராணி சொன்னதை மட்டும் இடப்பக்கம் எழுதச் சொன்னார். எழுதினேன். ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, தப்புதாங்கய்யா.

"கையில ஃபைலோட யாரு வந்து சத்தம் போட்டாலும் எங்கம்மா இதத்தாண்ணே சொல்லும்," என்றார் விமலா. "தோட்டத்துத் துரைகிட்டயும் சொல்லும், கணக்கெழுதுற கிராணிகிட்டயும் சொல்லும். உங்கம்மா என்ன சொல்லும்?"

என் அம்மாவும் அதையேதான் சொல்வார். நானே சொல்லி வளர்ந்தவன்.

அன்றே இருவரும் ராணியின் வீட்டுக்குப் போனோம். விமலா வாசற்படியில் உட்கார்ந்து, என்ன தப்பு என்று மட்டும் கேட்டார். ராணி வீட்டின் பின்பக்கம் கைகாட்டிச் சொல்லத் தொடங்கினார். லயன் வீடுகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டத்துக்காரர் புதிதாகக் குளம் வெட்டியிருந்தார். சின்னவள் ஒருமுறை அதன் விளிம்புவரை போய்விட்டாள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையை மூடி ஓராண்டாகிவிட்டது. அதனால்தான் பூட்டினார். சாவி எதிர்வீட்டு அம்மாவிடம் இருந்தது. அவர் மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்து, சோறும் போட்டார். விமலா எல்லாவற்றையும் எழுதி ராணிக்கு வாசித்துக்காட்டினார். ராணி இரண்டு இடங்களில் திருத்தினார். அந்த அறிக்கைதான் அதிகாரிக்குப் போனது. பிள்ளைகள் தாயிடமே இருந்தார்கள், குளத்துக்கு வேலி வந்தது, தோட்ட நிர்வாகத்தோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி விமலா ஆயாக் கொட்டகையையும் திறக்கவைத்தார்.

ஒரு தாயிடமிருந்து இரண்டு பிள்ளைகளைப் பிரிக்க இருந்தவன் நான். அதை விமலா யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லிக்காட்டவில்லை. கோடு போட எனக்கு ஒரு நீளமான அடிக்கோல் மட்டும் வாங்கித் தந்தார்.

இறுதிச் சடங்குக்கு ராணி இரு மகள்களோடு வந்திருந்தார். பெரியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். "எங்களப் பத்தி எழுதினத எங்களுக்கே படிச்சுக் காட்டுன ஒரே ஆளு அக்காதாங்கய்யா," என்றார் ராணி. அதைக் கேட்டபோது அடக்க முடியாமல் அழுதேன்.

இதை எழுத உட்கார்ந்ததும், பழக்கத்தில் தாளின் நடுவே கோடு போட்டேன். போன மாதம் பிரிஞ்சாங் ஊரில் படியேறும்போது விமலா நின்று மூச்சு வாங்கினார். என்னம்மா என்றேன். இடப்பக்கம் எழுதியிருக்கிறேன்: "ஒன்னும் இல்லண்ணே, நீங்க நடங்க." வலப்பக்கம்: களைப்பு என்று நினைத்தேன். நடந்தேன்.

திரும்பவும் ஒரு முறை கேட்டிருக்க வேண்டும். விமலாவாக இருந்திருந்தால் அந்தப் படியிலேயே உட்கார்ந்து கேட்டிருப்பார். அவர் வாங்கித் தந்த அடிக்கோல் என் மேசையில் இருக்கிறது.