கட்டுப்பாட்டுக் குழு

நான் ஊசி போடுகிறவள் இல்லை, மருந்து கொடுக்கிறவளும் இல்லை. கேள்வி கேட்கிறவள். பதினாலு வருஷமாக இதுதான் பிழைப்பு. தோளில் ஒரு பை. அதற்குள் ரத்த அழுத்தம் பார்க்கிற மெஷின், எடை மெஷின், இடுப்பளவு எடுக்கிற டேப், நாற்பத்திரண்டு கேள்விகள் கொண்ட ஃபாரம். படியேறிக் கதவைத் தட்டி, "போன ஏழு நாள்ல எத்தனை நாள் மாத்திரை போட்டீங்க?" என்று கேட்டு, பதிலைக் கட்டத்துக்குள் எழுதிக்கொண்டு இறங்கி வருவேன். பாதிப் பேர் நான் ஏதோ விற்க வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்துவார்கள். மீதிப் பேர் என்னை டாக்டரம்மா என்று நினைத்து முதுகுவலி, மூட்டுவலி, மருமகள் எல்லாவற்றையும் கொட்டுவார்கள். இரண்டுமே எனக்குத் தலைவலிதான்.

அப்படிப் போன ஒரு வீட்டில்தான் லிஃப்ட்காரரைப் பார்த்தேன். பதினோரு மாடி ஆபீஸ் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் ஓட்டியவர். எல்லோரையும் மேலே கொண்டுபோய் விட்ட மனுஷன் குடியிருந்தது லிஃப்டே இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடியில். முதல் நாள் மூச்சு வாங்க ஏறிப் போனேன். கதவைத் திறந்துவிட்டு, "பாத்து, படி" என்றார். உயரமான படி ஒன்றும் அங்கே இல்லை. வேலைப் பழக்கம், வாயிலிருந்து தானாக வருகிறது.

அவர் யாரையும் முகம் பார்த்துப் பேச மாட்டார். மரியாதைக் குறைவு என்று நினைத்து எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகுதான் புரிந்தது. முப்பத்தோரு வருஷம் பொத்தான் பலகையைப் பார்த்து நின்றவர். பேச்சுக் கொடுத்தவர்கள் எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தார்கள். ஆட்களை அவர் குரலை வைத்தும் செருப்புச் சத்தத்தை வைத்தும் மாடி நம்பரை வைத்தும்தான் ஞாபகம் வைத்திருந்தார். ஏழாம் மாடி அம்மா, பத்தாம் மாடி இருமல்காரர் என்று. பெயர் கேட்டால் தெரியாது.

மனைவி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். "சாப்பிட்டீங்களாப்பா?" "ஆச்சும்மா." "சரிப்பா." நான் ஒரு தடவை பக்கத்தில் இருந்தே கேட்டேன், அவ்வளவுதான் பேச்சு. மகளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆனாலும் ஒரு வாரத்துக்குப் பத்து வார்த்தை என்றால் மனுஷன் என்னதான் செய்வார்?

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடந்தது விளங்காது. சர்க்கரை உள்ளவர்கள் முந்நூற்றிருபது பேரை ஆராய்ச்சியில் சேர்த்திருந்தோம். அதில் பாதிப் பேர் வீட்டுக்கு வாரம் தவறாமல் ஒரு நர்ஸ் போவாள். காலைப் பார்ப்பாள், மாத்திரையை எண்ணுவாள், போன் பண்ணி நச்சரிப்பாள். மறுபாதிக்கு அது எதுவும் கிடையாது. அவர்கள் பாட்டுக்கு வழக்கம்போலத் தங்கள் டாக்டரிடம் போய்க்கொள்ளலாம். எல்லோர் வீட்டுக்கும் போவதுபோல மூன்று மாசத்துக்கு ஒரு தடவை நான் மட்டும் போய்க் கேள்வி கேட்பேன். ஒரு வருஷம் முடிந்ததும் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த நர்ஸால் பிரயோஜனம் உண்டா என்று தெரிந்துவிடும். யார் எந்தப் பாதி என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டது. லிஃப்ட்காரர் மறுபாதியில் விழுந்தார்.

மறுபாதிக்காரர்களுக்கு நான் புத்தி சொல்லக் கூடாது. நான் வாயைத் திறந்தால் ஒப்பீடு கெட்டுப்போகும் என்று ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். என்னைப் போன்ற வாயாடிக்கு இது சாதாரண தண்டனையா? ரத்தம் எடுப்பது ஆரம்பத்தில் ஒரு தடவை, கடைசியில் ஒரு தடவை. அதன் முடிவு என் கைக்கும் வராது.

முப்பத்தோராவது கேள்வி இது: மனம்விட்டுப் பேச உங்களுக்கு ஆள் இருக்கிறார்களா? எப்போதும், சில சமயம், இல்லவே இல்லை என்று மூன்று கட்டம். முதல் தடவை லிஃப்ட்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவைன்னு கட்டம் இருக்கா?"

நான் சிரித்துவிட்டேன். 'சில சமயம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தபோது எனக்கு நானே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். ஐம்பத்து மூன்று வயது, கல்யாணம் ஆகவில்லை, வாடகைக்கு ஒரே ஒரு ரூம். நாள் முழுக்க ஊரையே கேள்வி கேட்டுவிட்டு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் பஸ்ஸில் "டிக்கெட்" என்று சொல்லும் வரை என் வாய்க்கு வேலை இல்லை. எனக்கு எந்தக் கட்டம் என்று நன்றாகவே தெரிந்தது.

இரண்டாவது தடவை போனபோது எங்கள் ஆபீஸிலிருந்து தபாலில் போன கடிதம் அவர் வீட்டுச் சுவரில் கண்ணாடி ஃப்ரேமுக்குள் தொங்கியது. மனைவி படத்துக்குப் பக்கத்திலேயே.

"என்ன சார், ஆபீஸ் கடிதத்துக்குப் போய் ஃப்ரேமா?"

"நல்ல சேதி வந்தா மாட்டி வெக்கணும்ல."

பாவம், தபாலே வராத வீடு, அதனால்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கே என் மண்டையில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மூன்றாவது தடவை. நான் கீழே வரும்போதே மேலே ஜன்னலிலிருந்து, "மூணு மாசம் வந்தாச்சு!" என்று குரல். மாடி நம்பருக்குப் பதிலாக எனக்கு அவர் வைத்த பட்டப்பெயர் அது. தரைத்தளத்தில் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு என் வயிற்றைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எத்தனாவது மாசம்னு தெருவுக்கே சொல்லிட்டாரேக்கா!"

"ஆமா, பொறந்ததும் உன்கிட்டதான் சட்டை தைக்கக் குடுப்பேன், போடி" என்றேன்.

"மேல போங்க, ஒரே பெருமை அவருக்கு. எனக்கும் சர்க்கரைன்னு சொன்னேன். 'உனக்குக் கட்டுப்பாடு இல்ல, நான் கட்டுப்பாட்டுல இருக்கிறவன், ஆபீஸ்லேயே எழுதிக் குடுத்துட்டாங்க'ங்கறாரு."

படியில் பாதி ஏறியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

உள்ளே போனதும் ஃப்ரேமுக்குப் பக்கத்தில் போய்ப் படித்தேன். 'நீங்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டுள்ளீர்கள் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.' ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிற குழுவுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் வைத்திருக்கிற பெயர் அது. நாலு டாக்டர், இரண்டு பேராசிரியர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட கடிதம். இங்கிலீஷிலிருந்து தமிழில் எழுதி, சரியா என்று பார்க்க இன்னொருவரை விட்டுத் திரும்ப இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். அந்தப் பக்கம் போனால் 'கண்ட்ரோல்' என்ற அதே பழைய இங்கிலீஷ் வார்த்தை அச்சு பிசகாமல் வந்து நின்றது. பிரமாதம் என்று அனுப்பிவிட்டார்கள். சர்க்கரைக்காரன் காதில் கட்டுப்பாடு என்றால் என்னவென்று விழும் என்று அந்த ஆறு பேரில் ஒருத்தருக்காவது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியதா? நானும்தான் அந்தக் கடிதத்தைப் படித்திருந்தேன்.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா சார்?" என்றேன். ஃபாரத்தில் இல்லாத கேள்வி.

"ஏழு நாளும் போடறேன்னு எப்பவும் சொல்றேனே, பொய் இல்ல. ஆனா ரெண்டு வேளையை ஒரு வேளை ஆக்கிட்டேன். ரத்தம் எடுத்துப் பார்த்துட்டுத்தானே எழுதியிருக்காங்க, கட்டுப்பாட்டுல இருக்குன்னு? அப்புறம் எதுக்கு அவ்வளவு மருந்து? டாக்டர்கிட்ட போய்க் கால் கடுக்க வரிசையில நிக்கறதையும் விட்டுட்டேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். 'சார், அதுக்கு அர்த்தம் அது இல்ல.' நாக்கு நுனி வரை வந்தது. புத்தி சொல்லக் கூடாது என்ற விதியை நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, வசதியாகப் பிடித்துக்கொண்டேன்.

உண்மை வேறு. சொன்னால் அவர் முகம் எப்படி ஆகும் என்று தெரியும். ஏமாற்றிவிட்டீர்கள் என்று ஆராய்ச்சியை விட்டே போய்விடுவார். போய்விட்டால் நான் அந்தப் படியேற வேலை இல்லை. முந்நூற்றிருபது வீட்டில் என் வரவை ஜன்னலில் நின்று பார்க்கிற வீடு அது ஒன்றுதான். என் பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட உலகத்தில் வேறு ஒருத்தரும் இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் விஷயம்.

டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போட்ட டீ. தனக்கும் அதேபோல ஒன்று. லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுபோன கதையைச் சொன்னார். உள்ளே பத்தாம் மாடி இருமல்காரரும் அவரைப் பிடிக்காத மேனேஜரும். மூன்று மணி நேரம். வெளியே வரும்போது இருவரும் சம்பந்திகள் மாதிரி தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்களாம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். கேள்விகள் இருபது நிமிஷத்தில் முடிந்துவிட்டன. நான் எழுந்தபோது இரண்டு மணி நேரம் ஓடியிருந்தது. அடுத்த தடவை பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த தடவை என்றால் தொண்ணூறு நாள். போனை எத்தனையோ தடவை கையில் எடுத்தேன், வைத்தேன்.

நாலாவது தடவை ஜன்னலில் குரல் இல்லை. தையல்காரி, "ரெண்டு நாளா இறங்கவே இல்லக்கா" என்றாள். கதவு சும்மா சாத்தியிருந்தது. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். வலது பாதத்தில் பழைய துண்டு சுற்றியிருந்தது. வாசலிலேயே எனக்கு நாற்றம் தெரிந்துவிட்டது.

"ஷூவுக்குள்ள ஆணி நீட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதோடயே நடந்திருக்கேன். வலியே தெரியல பாருங்க" என்றார், ஏதோ நல்ல செய்தி மாதிரி.

துண்டைப் பிரித்தேன். அதை எழுத மாட்டேன். தையல்காரியைக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் அவரைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆஸ்பத்திரியில் சர்க்கரை பார்த்த நர்ஸ் மெஷின் தப்போ என்று இன்னொரு தடவை பார்த்தாள். மறுநாள் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்திருந்தால் புண் ஒருவேளை ஆறியிருக்கும் என்றார் ஆபரேஷன் பண்ணிய டாக்டர். அந்த 'ஒருவேளை' எனக்கு ஒரு ஆறுதலும் தரவில்லை.

பெரிய டாக்டரிடம் போய் ஒன்று விடாமல் சொன்னேன். வேலை போனால் போகட்டும் என்றுதான் போனேன். அவர் கத்தவில்லை, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அர்த்தத்தை விளக்கறது புத்தி சொல்றது இல்லம்மா. தப்பாப் புரிஞ்சுக்கிட்டா அன்னைக்கே எனக்கு ஒரு போன் பண்ணணும்னு கையேட்டுலேயே இருக்கே?"

பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. பயிற்சியில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டியவளே நான்தான்.

மறுபாதியில் இருந்த நூற்றறுபது பேருக்கும் போன் பண்ணினோம். இன்னும் பதினோரு பேர் அதேபோல நினைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் நாலு பேர் மருந்தைக் குறைத்திருந்தார்கள். கடிதத்தை மாற்றி, 'ஒப்பீட்டுக் குழு' என்று போட்டு, அப்படியென்றால் என்னவென்று கீழே நாலு வரி எழுதி அனுப்பினோம். நல்ல காரியம்தான். இரண்டு விரல் போவதற்கு முன்னாலேயே செய்திருக்கலாம்.

ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மகள் வந்திருந்தாள், என்னைப் பார்த்ததும், "நீங்கதான் தூக்கிட்டு வந்தீங்களாமே, ரொம்ப நன்றிங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மருந்து வாங்கி வருகிறேன் என்று அவள் கீழே போனாள்.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன். அந்தக் குழு என்றால் எந்தக் கவனிப்பும் கூடுதலாகக் கொடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிற குழு, உங்கள் சர்க்கரையைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை என்று.

அவர் போர்வை நுனியைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இப்படித் தப்பா நினைச்சுக்கிட்டு இருக்கேன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்ல இடம் இருந்தது. காலைப் பார்த்த அன்றைக்குத்தான் சார் என்றால் நம்பியிருப்பார்.

"போன தடவை வந்தப்பவே தெரியும் சார்."

கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"போன தடவை ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தீங்களே" என்றார்.

"ஆமா சார்" என்றேன்.