முதலாவதாக வந்த அண்ணா

அண்ணா சைக்கிள் டைம் ட்ரயல் ஓட ஐரோப்பாவுக்குப் போகிறார் என்பது கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் தெரியும். திரும்பி வரமாட்டார் என்பதும் தெரியும். தெரியாதவர் அவருடைய சிங்களக் கோச் ஒருவர்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். சில நாள் பயணத்துக்கு அம்மா மூன்று ஸ்வெட்டர் அடுக்கினார். போட்டி முடிந்ததும் அங்கேயுள்ள சித்தப்பா காரோடு வந்து கூட்டிப் போவார், பிறகு அகதியாகப் பதியலாம் என்பது ஏற்பாடு. அண்ணா எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். அவருடைய ஓம் உண்மையில் ஓம்தானா என்பது எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் சண்டை. கொழும்பிலோ ஒரு தமிழ் இளைஞன் கடைக்குப் போய் வருவதே பெரும்பாடு. விடியற்காலையில் காலி வீதியில் தலையைக் குனிந்துகொண்டு பறக்கிறவனை எந்த ஆமிச் சென்றியில்தான் சும்மா விடுவார்கள்? பிடித்துக்கொண்டு போன போதெல்லாம் கோச் வந்துதான் மீட்டார். அதனால் அண்ணா அங்கேயே நின்றுவிட வேண்டும் என்று நானும் நேர்ந்தேன். அதை நினைத்தாலே அழுகை வந்தது என்பதும் உண்மை.

போட்டியன்று ஒழுங்கை முனையிலிருந்த கொமினிகேஷன் கடைக்குச் சித்தப்பாவின் டெலிபோன் கோல் வந்தது.

"பொடியன் முதலாவதா வந்திட்டான். நான் முடிவுக் கோட்டுக்குப் பக்கத்திலதான் நிண்டனான்."

அம்மா வழியில் கண்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். டைம் ட்ரயலில் எல்லாரும் சேர்ந்து ஓடுவதில்லை. ஒவ்வொருவராக இடைவெளி விட்டு அனுப்பி, எடுத்த நேரத்தைத்தான் பார்ப்பார்கள். கெட்டிக்காரர்களைக் கடைசிக்கு வைத்திருப்பார்கள். முதல் ஆளாக விட்டால் முதல் ஆளாக வராமல் என்ன செய்வார்?

"அம்மா, அண்ணா கடைசியாயும் இருக்கலாம்" என்றேன்.

"உனக்கு எரிச்சல்" என்றார்.

அடுத்த கோலில் சித்தப்பாவின் குரல் இறங்கியிருந்தது. "சைக்கிளைக் குடுத்திட்டு வாறன் எண்டு போனவன். இருட்டும் மட்டும் காரோட நிண்டனான். ஆளைக் காணேல்லை."

அம்மா சாப்பாட்டை விட்டார். பிடித்துவிட்டார்களா, வழி மாறிவிட்டாரா, சித்தப்பாதான் வேறு இடத்தில் நின்றாரா, யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

சில நாள் கழித்து ஒரு மத்தியானம் கதவைத் திறந்தால் அண்ணா பையோடு நிற்கிறார்.

"ஏன்ரா வந்தனீ?"

பெற்ற தாய் முதலில் கேட்டது இதைத்தான்.

"தெரியேல்லை அம்மா. ஓடி முடிஞ்சதும் கோச் பாஸ்போட்டை என்ர கையில தந்து, உனக்கு விருப்பமானதைச் செய் மல்லி எண்டு சொந்தத் தம்பிக்குச் சொல்லுறமாதிரிச் சொன்னவர். காரடிக்குப் போகத்தான் நடந்தனான். பிறகு பாத்தா டீம் பஸ்ஸுக்குள்ள இருக்கிறன்."

அம்மா கத்தினார், நெஞ்சில் அடித்துக்கொண்டார், சோறு போட்டார், மீன் பொரித்தார், மறுபடி கத்தினார். அண்ணா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை வெளியே சொல்லப் பயமாக இருந்தது. இப்படி ஒரு மடையன் அண்ணனாக வாய்த்தானே என்று கோபமும் வந்தது.

மறுநாள் காலை பொலிசில் அவரைப் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது. மகன் வெளிநாடு போய்விட்டான் என்று சொல்லி, தமிழ் வீடுகளுக்குப் பொலிஸ் வைத்திருந்த வீட்டிலிருப்போர் பதிவிலிருந்து அவருடைய பெயரை அம்மா வெட்டுவித்திருந்தார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி பாஸ்போட்டைப் புரட்டினார், அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார். எல்லாரும் போகத்தானே வழி தேடுகிறார்கள், இவன் என்னத்துக்குத் திரும்பி வந்தான் என்று சிங்களத்தில் கேட்டார். கேள்வியில் கோபம் இருக்கவில்லை. அந்த மனிதருக்கும் விளங்கவில்லை போலும்.

அண்ணா வாய் திறக்குமுன் அம்மா அவருடைய கையை இறுக்கிப் பிடித்தார். அம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் மீன்காரனோடு பேரம் பேசுமளவுதான்.

"கெதர ஆவா, மாத்தையா" என்றார்.

அவன் வீட்டுக்கு வந்தவன், ஐயா.