ஒன்பது சுகன்யாவும் ஒரு தார்ப்பாயும்

கம்ப்யூட்டர் வழியாகவே வெளிநாட்டுக் கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தாராளமாகப் போங்கள். ஆனால் ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போங்கள். நான் போடாமல் போய்விட்டேன். எழுத உட்கார்ந்திருக்கும் இந்த நிமிடம் வரை கோபம் அடங்கவில்லை.

இந்த வலைப்பூவில் இதுவரை ஏலகிரி, சாத்தனூர் அணை என்று பஸ் போகிற ஊர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். இது என் முதல் வெளிநாட்டுப் பயணம். பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. கீழ்பென்னாத்தூரில் ஏறித் திருவண்ணாமலையில் இறங்கினால் ஐரோப்பா! 2009 ஜூலை, இரண்டாவது சனிக்கிழமை. நான் எழுத்தராக வேலை பார்க்கும் கூட்டுறவு சங்கத்துக்கு அன்று விடுமுறை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன், ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார ஓவியர் வாடகை சைக்கிளில் எங்கள் நிலத்துப் பக்கம் வந்தார். அப்போது மல்லாட்டை அறுவடை. வேர்க்கடலையைத்தான் நாங்கள் அப்படிச் சொல்வோம். மழைக்குப் பயந்து குவியல்மேல் ஒரு பழைய டிஜிட்டல் பேனரை மூடி வைத்திருந்தேன். என் அக்கா மகள் சுகன்யாவின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நான் அடித்த பேனர். பத்தடிக்கு எட்டடி. நடுவில் பாவாடை தாவணியில் சுகன்யா, பின்னால் சுவிட்சர்லாந்து மலை, மேல் மூலையில் கூலிங் கிளாஸோடு கைகூப்பியபடி தாய்மாமனாகிய நான்.

அந்த மனிதர் பேனரைப் பார்த்து அசந்து நின்றார். இதைக் கொடுத்தால் பதிலுக்குப் புதுத் தார்ப்பாய் வாங்கித் தருவதாகச் சொன்னார். பழைய பேனருக்குப் புதுத் தார்ப்பாயா! சரியான ஏமாளி என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். வலைப்பூக்காரன் என்ற பெருமையில் என் மின்னஞ்சல் முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.

போன வாரம் அவரிடமிருந்து மெயில். அந்தப் படம் இப்போது அவர் ஊரில் ஒரு கண்காட்சியில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறதாம், இருந்த இடத்திலிருந்தே பார்க்கலாமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மூஞ்சி ஐரோப்பாவில்! இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டேன். இங்கிலீஷ் படித்துச் சொல்ல சுகன்யாவைக் கூப்பிட்டேன். இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். அப்படியே பேனர் கடைக்கும் போக வேண்டியிருந்தது. அவள் தங்கை வித்யா வயதுக்கு வந்து, அடுத்த ஞாயிறு அவளுக்குச் சடங்கு. பேனருக்கு வித்யாவின் போட்டோ என் சட்டைப் பையில் இருந்தது.

காலை 9.10 பஸ். இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் ஏழு ரூபாய், முக்கால் மணி நேரம். பஸ் நிலையத்திலிருந்து செங்கம் சாலைக்கு ஆட்டோ முப்பது ரூபாய். நாற்பது கேட்பார்கள், கொடுக்காதீர்கள். நெட் சென்டரில் மணிக்கு இருபத்தைந்து. ஊருக்குள் கம்மிதான், ஆனால் இங்கேதான் லைன் வேகம். செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"ஐடி ப்ரூஃப் வேணுங்க" என்றார் ஓனர்.

"என்னைப் பாத்தா தீவிரவாதி மாதிரியாங்க இருக்குது?"

"ரூல்ஸுங்க. பன்னண்டு மணிக்கு கரண்ட் போயிடும், சீக்கிரம் பாத்துருங்க."

ஒரு பலகைத் தடுப்புக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கம் திறக்க ஆறு நிமிடம் ஆனது. பிறகு ஒரு பெரிய வெள்ளைக் கூடம் வந்தது. அம்புக்குறியை அழுத்தினால் முன்னே போகிறது, மவுஸ் என்கிற எலியை இழுத்தால் கூடமே சுழல்கிறது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. காலையில் இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சுவரெல்லாம் சோப்புப் பெட்டி, பற்பசை, பிஸ்கட் பாக்கெட்.

"இது இன்னாம்மா, மளிகைக் கடையாட்டம் இருக்குது?"

"இதுக்குப் பேரு பாப் ஆர்ட்டாம் மாமா. கடையில, ரோட்டுல டெய்லி பாக்குற வெளம்பரத்தையெல்லாம் படமாக்கிடுவாங்களாம்."

மூன்றாவது கூடத்தில் திரும்பினோம். சுவர் முழுக்க சுகன்யா. ஒன்பது சுகன்யா. ஒன்று ரோஸ், ஒன்று பச்சை, ஒன்று ஊதா, உதட்டுக்கு மட்டும் ஆரஞ்சு.

முதலில் எனக்கு எதற்குக் கோபம் வந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். நான் அதில் இல்லை. என்னை வெட்டி எறிந்துவிட்டான்! அப்புறம்தான் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தேன். எலியிலிருந்து கையை எடுத்துவிட்டாள். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

படத்துக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "பேர் தெரியாத சிறுமி, தென்னிந்தியா" என்றாள். பேர் தெரியாதாமே! செல்வி சுகன்யா என்று ஓரடி உயர எழுத்தில் அடித்துக் கொடுத்தேனே, பாவி. படிக்கத் தெரியாவிட்டால் யாரையாவது கேட்கக் கூடாதா?

இன்னொன்று கேளுங்கள். அந்தக் கூடத்தில் படம் பார்த்துக்கொண்டு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் முகங்களை மட்டும் மங்கலாக அழித்திருந்தார்கள். அடியில் இருந்த குறிப்பை சுகன்யா படித்தாள். பார்வையாளர்களின் அனுமதி இல்லாமல் முகத்தைக் காட்டுவதில்லையாம். பார்க்க வந்தவன் முகத்துக்கு அவ்வளவு மரியாதை, எங்கள் வீட்டுப் பெண் முகத்துக்கு ஒரு தார்ப்பாய்!

"உடனே மெயில் போடும்மா அவனுக்கு" என்று கத்தினேன். ஓனர் எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். "ஒரு பொண்ணோட மூஞ்சிய அவளக் கேக்காம செவுத்துல மாட்ட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தான்னு கேளு."

அவள் பாதி அடித்துவிட்டு நிறுத்தினாள்.

"மாமா, இதே கேள்வி நாலு வருசமா எங்கிட்ட இருக்குது."

"அப்பவே அவன உனக்குத் தெரியுமா?"

"அவரு இல்ல. உங்களக் கேக்கணும்னு."

எனக்குச் சுருக்கென்றது. "அது ஊர் வழக்கம்மா. உனக்கு செஞ்ச மரியாதை" என்றேன்.

"பஸ் ஸ்டாண்டு எதுக்க ஒரு மாசம் இருந்துச்சு மாமா. ஸ்கூல்ல பசங்க பேனர், பேனர்னே கூப்டானுங்க. நான் ஒரு ஸ்டாப்பிங் முன்னாடியே எறங்கி நடந்து வருவேன். ஏன்டி லேட்டுன்னு அம்மா திட்டும். அந்த ஆளு ஊர்ல என்னை ஒருத்தருக்கும் தெரியாது. நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும்."

விழா முடிந்த மறுநாளே கழற்றியிருக்க வேண்டிய பேனர் அது. நான் கழற்றவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். தினமும் காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கூலிங் கிளாஸில் என்னையே பார்த்துக்கொள்வேன். வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

மெயிலை அவளே முடித்து, கீழே தன் பெயரைப் போட்டு அனுப்பினாள். கரண்ட் போக ஐந்து நிமிடம் இருந்தது.

பேனர் கடை வரை அவள் எனக்கு நாலடி முன்னாலேயே நடந்தாள். அங்கே டிசைன் செய்கிற தம்பி என்னைப் பார்த்ததும் சிரித்தார். "கூலிங் கிளாஸ் போட்டோ கம்ப்யூட்டர்லயே இருக்குதுங்க, அதையே வச்சிடலாமா? பொண்ணு போட்டோ குடுங்க."

சட்டைப் பையில் கை வைத்தேன். சுகன்யா கடைக்கு வெளியே ரோட்டைப் பார்த்து நின்றாள். வித்யாவுக்கும் பேனர் அடிக்கப் போகிறேன் என்று தெரிந்துதான் இன்றைக்கு வரச் சொன்னதும் உடனே கிளம்பி வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வெளியே இருந்த காயின் போனுக்குப் போனேன்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். அந்தக் கண்காட்சி முடிந்துவிட்டது. இதுவரை அந்த ஓவியர் ஒரு வரி பதில் எழுதவில்லை. அவர்மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தில் குண்டுமணி அளவும் குறையவில்லை, குறையவும் வேண்டாம். வேறு கண்காட்சி பார்ப்பதென்றால் காலை பத்துக்கே போய்விடுங்கள், அடையாள அட்டை நகல் ஒன்று கையில் இருக்கட்டும்.

வீட்டில் விசேஷம் வைத்துக்கொண்டு பேனர் கடைக்குப் போகிறவர்கள் ஒரு ரூபாய் நாணயம் ஒன்று எடுத்துப் போங்கள். ஒரு நிமிடம் பேசலாம். அன்று நான் போன் போட்டதும் அக்கா எடுத்தாள், வித்யாவிடம் கொடுக்கச் சொன்னேன். "பாப்பா, பஸ் ஸ்டாண்டுல உன் படம் போட்டு பேனர் வைக்கட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம் மாமா" என்றாள். அதற்குப் பத்து நொடிகூட ஆகவில்லை. மீதி ஐம்பது நொடியும், பேனர் இல்லாமல் ஒரு சடங்கா என்று அக்கா என்னைத் திட்டினாள்.