'ஓம்' என்ற பதிலுக்கு இரத்தம் ஏற்றாதே

இரத்தப் பையைக் கையில் வாங்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் பயம்தான். தாதியாகச் சேர்ந்த புதிதிலும் பயந்தேன், ஓய்வுக்குப் போகப்போகிற இந்த வயதிலும் பயப்படுகிறேன். வாட்டில் உள்ள இளம் தாதிப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நன்றாகச் சிரியுங்கள். பயப்படாத தாதியைக் கண்டால்தான் எனக்கு இன்னும் பயம்.

1. கேள்வியை மாற்றினோம்

குடாநாட்டில் ஓர் ஆஸ்பத்திரி. எது என்பது வேண்டாம். அங்கே நோயாளர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை என் தலையில் கட்டினார்கள். ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்ட முறைகளை வாட்டில் கொண்டுவர வேண்டும், அதுதான் வேலை. நான் முதலில் எடுத்தது ஆளை அடையாளம் காணும் முறை. மருந்தோ இரத்தமோ கொடுக்குமுன் "நீங்கள் இன்னார்தானே?" என்று கேட்கக் கூடாது. "உங்கள் முழுப்பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மணிக்கட்டில் கட்டிய பெயர்ப் பட்டியுடன் ஒத்துப்பார்க்க வேண்டும். கட்டில் இலக்கத்தை நம்பவே கூடாது.

எங்கள் சனத்துக்கு இது எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் எதைக் கேட்டாலும் "ஓம் மிஸ்" என்று ஆமாம் போடுவார்கள். நோகுதோ என்றாலும் ஓம், நோகவில்லையோ என்றாலும் ஓம். மறுத்துச் சொன்னால் மரியாதைக் குறைவு என்று நினைப்பு.

வாட்டில் தர்சினி என்று ஒரு இளம் தாதி. கெட்டிக்காரி, ஓடியோடி வேலை செய்வாள். அவளுக்குத்தான் இந்தத் திட்டம் பிடிக்கவேயில்லை.

"சிஸ்டர், வாட்டு நிரம்பி வழியுது. ஒவ்வொருத்தரிட்டையும் பேர் கேட்டுக்கொண்டு நிண்டால் மருந்தை எப்ப குடுக்கிறது? நேற்றுக் கேட்டனீங்கள்தானே, இண்டைக்குப் பேர் மாறியிட்டுதோ எண்டு ஐயாமார் நக்கலடிக்கினம்."

"நக்கலடிக்கட்டும். நீ கேள்" என்றேன்.

2. எல்லாம் சரியாக இருந்தது

ஆண்கள் வாட்டில் தொண்டைமானாற்றைச் சேர்ந்த இரண்டு கடற்றொழிலாளிகள் எதிரெதிர்க் கட்டில்களில் இருந்தார்கள். ஒருவர் கந்தசாமி, சிறுநீரக வருத்தக்காரர். உடம்பில் இரத்தம் குறைவு என்று அன்று பின்னேரம் ஏற்றுவதற்காக இரத்த வங்கியிலிருந்து பை வந்திருந்தது. மற்றவருக்குக் குடற்புண்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் நான் அங்கே போனபோது ஒரே அமளி. யன்னலோரக் கட்டிலில் கிடந்தவர் பேசின் நிறைய இரத்தமாகச் சத்தியெடுத்து நினைவு மங்கிப் போயிருந்தார். கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். டொக்டர் இரண்டு கையிலும் சேலைன் ஓடவிட்டிருந்தார். தர்சினி இரத்தப் பையைத் தொங்கவிட்டு, குழாயைப் பொருத்தக் கையை நீட்டிக்கொண்டிருந்தாள்.

பையில் கந்தசாமி என்று இருந்தது. கட்டிலில் தொங்கிய நோயாளர் அட்டையிலும் கந்தசாமி. கட்டில் இலக்கமும் ஒன்றுதான். எல்லாம் சரி. அவருடைய மணிக்கட்டில் மட்டும் பட்டி இல்லை.

"பட்டி எங்கை?"

தலைமாட்டில் நின்ற மனைவி சொன்னார்: "காலமை முகம் கழுவேக்கை நனைஞ்சு அறுந்து போச்சு மிஸ்."

"நான் கேட்டனான் சிஸ்டர்" என்றாள் தர்சினி. "கந்தசாமிதானே எண்டு அம்மாவிட்டைக் கேட்டனான். ஓம் எண்டவ."

பாய்ந்துபோய் அவள் கையைத் தடுத்தேன்.

"குழாயிலை கை வையாதை!"

"சிஸ்டர், பிரஷர் இறங்குது! ஏத்துங்கோ!" டொக்டர் கத்தினார். அவரில் பிழையில்லை. என் கண் முன்னாலேயே அந்த மனிதரின் உதடு வெளுத்துக்கொண்டு வந்தது. ஏற்றாமல் விட்டால் போய்விடுவார். இரத்தம் மாறினாலும் போய்விடுவார். இரண்டில் எதைச் செய்தாலும் கொன்றது நான்தான் என்று ஆகிவிடும். மனைவியின் பக்கம் திரும்பினேன்.

"அம்மா, உங்கடை மனுசன்ரை முழுப்பேர் என்ன?"

அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். "சந்நிதியானின்ரை பேர்தான் மிஸ்."

சந்நிதியான் என்றால் முருகன். முருகனுக்கு எத்தனை பேர்! கணவன் பெயரை வாயால் சொன்னால் அவருடைய ஆயுள் குறையும் என்று நம்புகிற மனுசி. இழுத்துவைத்துக் கேட்டாலும் சொல்லமாட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. தன் கணவன் பெயரைத்தானே சொல்லமாட்டார்?

"சரி, இந்த வாட்டிலை கந்தசாமி எண்டவர் ஆர்? காட்டுங்கோ."

ஒரு கணமும் யோசிக்காமல் திரையை விலக்கி எதிர்க் கட்டிலைக் காட்டினார். "அந்தா, அவர்தான் கந்தசாமியண்ணை."

எதிர்க் கட்டிலில் குந்தியிருந்த மனிதர் பரிதாபமாகக் கையைத் தூக்கினார். "ஓம் பிள்ளை, நான் இஞ்சை இருக்கிறன். எங்கடை கட்டையர் காத்தில்லாமல் மூச்சு முட்டுது எண்டார். காலமை என்ரை யன்னல் கட்டிலை அவருக்குக் குடுத்திட்டன்."

கட்டிலை மாற்றியவர்கள் அட்டையை மாற்றவில்லை. எங்களிடமும் சொல்லவில்லை. ஒரே ஊரார், ஒருவருக்கொருவர் உதவி செய்தார்கள், அவ்வளவுதான். பையில் இருந்தது 'ஏ' இரத்தம். யன்னலோரம் கிடந்தவர் 'ஓ'.

தர்சினி பையைக் கழற்றி எடுத்தாள்.

3. பெயர்

குடற்புண்காரர் ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே, கட்டில் மாறுமுன், அவருடைய இரத்தத்தையும் ஒத்துப்பார்க்க அனுப்பியிருந்தோம். அவருக்கான பை இரத்த வங்கியில் இருந்தது. எடுத்துவர ஆளை ஓடவிட்டோம். அந்த நேரம் முழுக்க நான் அவருடைய நாடியில் விரலை வைத்தபடி நின்றேன். நாடி நூலாகிக்கொண்டு போனது. கடவுளே, கடவுளே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பை வந்தது. அதில் வேலாயுதம் என்று இருந்தது. எதிர்க் கட்டிலில் தொங்கிய அட்டையிலும் வேலாயுதம். ஆனால் அட்டையை நம்பித்தான் சற்று முன் ஏமாந்தோம். டொக்டர் இப்போது கத்தவில்லை, என்னையே பார்த்தார்.

"கந்தசாமியையா, இவற்றை முழுப்பேர் என்ன?"

"கடலிலை ஆர் பிள்ளை முழுப்பேர் சொல்லிக் கூப்பிடுறது? எங்களுக்கு அவர் கட்டையர்தான்."

அவர்களுடைய ஒரே மகன் கடலில். போன் எடுத்தால் தொடர்பில்லை. நான் அந்த அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா, நான் பேரை எடுத்துத் தரமாட்டன். தந்தால் நீங்கள் ஓம் எண்டுவியள். இந்த இரத்தம் அவருக்கு வந்ததெண்டால்தான் நான் ஏத்தலாம். மாறியிட்டால் உங்கடை மனுசன் தப்பமாட்டார். நீங்கள்தான் சொல்லவேணும்."

"சொன்னால் அவற்றை உசிர் போயிடும் மிஸ்."

"சொல்லாட்டிலும் போயிடும் அம்மா."

அவர் கணவரைப் பார்த்தார். தாலியை வெளியே எடுத்து உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "வேலாயுதம்" என்றார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து சொல்லாத பெயர். சொன்னதும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கி அழுதார்.

நானும் டொக்டரும் பெயரை, நோயாளர் இலக்கத்தை, இரத்த வகையைச் சத்தமாக வாசித்து ஒத்துப்பார்த்தோம். ஏற்றினோம். முதல் துளிகள் இறங்கும்போது அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார்.

"பேரைச் சொல்லிப்போட்டன் மிஸ். அவருக்கு ஒண்டும் வராதெல்லோ?"

"வராது அம்மா" என்றேன். சொன்னேனே தவிர, ஏற்றத் தொடங்கிய முதல் நிமிடங்கள்தான் ஆபத்தானவை என்பது எனக்குத் தெரியும். காய்ச்சல் எழும்புகிறதா, நடுக்கம் வருகிறதா என்று அவருடைய தோளைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவுக்குத் தான் சொன்ன சொல்லில் பயம், எனக்கு நான் ஏற்றிய இரத்தத்தில் பயம்.

வேலாயுதம் பிழைத்துக்கொண்டார்.

இதைப் படிக்கிற தாதிப் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தர்சினி சோம்பேறி இல்லை. அவள் கேட்டாள். அட்டையைப் பார்த்தாள், இலக்கத்தைப் பார்த்தாள், மனைவியிடம் கேட்டாள், ஓம் என்ற பதிலும் வாங்கினாள். இவ்வளவும் செய்தும் ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தோம். பதிலை நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேட்பது கேள்வியே இல்லை. பட்டி அறுந்திருந்தால் அங்கேயே நில்லுங்கள், யார் கத்தினாலும் நில்லுங்கள்.

அன்று அந்த அம்மா, புருசன் செத்துப்போவார் என்று நம்பிக்கொண்டே அவருடைய பெயரைச் சொன்னார். முழுப்பெயர் என்ன என்ற அந்த ஒரு கேள்வியைச் சரியாகக் கேட்கப் பஞ்சிப்பட்டுச் சோம்புகிறவள் என் வாட்டில் இரத்தப் பையைத் தொடக் கூடாது.