நீர்யானைக்குள் என் தம்பி

எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கெல்லாம் அந்தச் சாம்பல் நிற நீர்யானையைத் தெரியும். பாட்டு வீடியோவில் அது குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். பிள்ளைகள் துண்டும் சோப்புமாகத் துரத்துவார்கள். "இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று பாட்டில் அது கெஞ்சும்போது, பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் அதிகம் சிரிப்பார்கள். தினமும் அவர்கள் வீட்டில் நடக்கிற கூத்துதானே. அந்த நீர்யானைக்குள் ஆடுகிறவன் என் தம்பி.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே மூடிய இடம் என்றால் பயம். லிஃப்டில் ஏற மாட்டான். குளியலறைக் கதவைத் தாழிட மாட்டான். வெளியே நான் காவல் இருக்க வேண்டும்.

"உனக்குக் கல்யாணம் ஆனாலும் நான்தான் வந்து உக்காரணுமாடா?" என்று கேட்டால், "அவளும் பக்கத்துல உக்காரட்டும்கா, உனக்குப் பேச்சுத்துணை" என்பான்.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவனுக்கு உண்டு. நாலு பேர் தன் முகத்தைப் பார்த்தால் கைகால் விறைத்துவிடும். யாரும் பார்க்காதபோது அவன் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். தாளம் அவன் முழங்காலில் குடியிருக்கிறது. நீர்யானைத் தலையை மாட்டிக்கொண்டால் முகமே இல்லை. இரண்டு பயத்தில் சின்னதாக ஒன்றைப் பொறுக்கிக்கொண்டான், அவ்வளவுதான்.

நான் தையல் கடையில் வேலை செய்கிறேன். உடுப்பு பிரிந்தால் தைக்கவும், முதுகு ஜிப்பை மூடவும் என்னைத்தான் கூப்பிடுவான். வேறு யார் மூடினாலும் ஜிப் ஏறும் சத்தத்திலேயே அவனுக்கு வியர்த்துவிடும். உள்ளே சுற்றிலும் தடித்த ஸ்பாஞ்சு. தலைக்குள் பேட்டரியில் ஓடும் சின்ன விசிறி. வெளியே பார்க்க, வாய்ப் பக்கம் வலைத்துணி. ஜிப்பை உள்ளிருப்பவரால் திறக்க முடியாது.

பிள்ளைகள் இருக்கும்போது நீர்யானை பேசக் கூடாது என்பது அந்த ஸ்டுடியோவின் கட்டளை. அதனால் எங்களுக்குள் ஒரு சைகை வைத்திருந்தோம். மூச்சு முட்டினால் இரண்டு கையாலும் வயிற்றைத் தட்டுவான். நான் ஓடிப்போய்த் திறப்பேன். ஒத்திகையில் ஒருமுறை அப்படித் தட்டியதைப் பார்த்து இயக்குநர் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"அக்கா, பிரமாதமா இருக்கே இது. பாட்டுலயே வெச்சுக்கலாம்."

"மேடம், அது அவனுக்கு மூச்சு முட்டினா சொல்றதுக்கு."

"அப்படியா? அப்ப முடியலன்னா உக்காந்துடச் சொல்லுங்க. நீர்யானை உக்காந்தா நாங்களே நிறுத்திடறோம்."

அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. உட்கார்ந்தால் எல்லாருக்கும் தெரியும். வயிற்றைத் தட்டுவது ஆட்டத்தோடு சேர்ந்துவிட்டது.

குளியல் காட்சி எடுத்த அன்று பெரிய பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீரும் நுரையும். நடுவில் நீர்யானை நிற்கும். பிள்ளைகளும் தொட்டிக்குள் சுற்றி நின்று அதன் காலைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள். பெற்றோர் சுவரோரம் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். ஜிப்பை மூடிவிட்டு, "விசிறி ஓடுதா?" என்று காதோரம் கேட்டேன்.

"ஓடுது. நீ போ, பயப்படாத" என்றான்.

பாட்டு தொடங்கியது. முதல் சரணம் சரியாகப் போனது. இரண்டாவதில் நீர்யானை ஒரு பக்கம் சாய்ந்து, தள்ளாடி, நிமிர்ந்தது. நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது.

"ஆபீஸ் முடிஞ்சு நீங்க வீட்டுக்குள்ள வர்ற மாதிரியே இருக்கு, பாருங்க" என்றாள் ஒரு பெண் தன் கணவரிடம்.

"நான் இவ்வளவு நல்லாவா ஆடறேன்?" என்றார் அவர்.

அப்போது நீர்யானை வயிற்றைத் தட்டியது. தட்டு தாளத்தில் விழவில்லை. மறுபடி தட்டியது. அதுவும் விழவில்லை. என் தம்பி தாளம் தப்பி நான் பார்த்ததே கிடையாது.

உட்காருடா, உட்காருடா என்று மனசுக்குள் கதறினேன். அவன் உட்காரவில்லை. முழங்கால் மடங்கும், உடனே நிமிரும். பிறகுதான் கவனித்தேன். அவனுக்குப் பின்னால் ஒரு சின்னப் பெண் கன்னத்தை அவன் தொடையில் வைத்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் அவ்வளவு கனமும் அவள் மேல், தண்ணீருக்குள் இறங்கும். அது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. மறுபடி மடங்கினான், நிமிர்ந்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்தார்கள்.

"மேடம், நிறுத்துங்க" என்று கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் இயக்குநர் அம்மாவுக்குக் கேட்கவில்லை. கேமராத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். செருப்போடு தொட்டிக்குள் இறங்கினேன்.

"அக்கா, ஃபிரேம்ல வரீங்க" என்றார் கேமராக்காரர்.

சின்னப் பெண்ணை விலக்கிவிட்டு ஜிப்பை இழுத்தேன். பாதியில் உள்துணியைக் கவ்விக்கொண்டு நின்றுவிட்டது. உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சு இல்லை. இடுப்பில் செருகியிருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். கழுத்துப் பக்கம் வெட்ட வேண்டும், உள்ளே எங்கே துணி முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று தெரியாது. இடது கை விரல்களை உள்ளே நுழைத்து, அவற்றின் மேலாகவே வெட்டினேன்.

"நீர்யானைய வெட்டாதீங்க" என்று அந்தச் சின்னப் பெண் அழுதாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

தலையைக் கழற்றியபோது அவன் உதடு நீலம் பாய்ந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. "டேய், அக்காடா. டேய்" என்றேன். கேலி பேசிய அந்தக் கணவர்தான் ஓடிவந்து அவனைத் தூக்கி ஈரத்தரையில் கிடத்தினார். நான் அவன் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் என்னவெல்லாம் நினைத்தேன் என்பதை எழுத மாட்டேன்.

பிறகு ஒரு மூச்சு, அடைத்த குழாய் திறந்த மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. கண்ணைத் திறந்து அவன் கேட்ட முதல் வார்த்தை, "அந்தப் பாப்பா?"

"நல்லா இருக்கா. நீ ஏன்டா கத்தல?"

"கத்தினேன்கா. எல்லாத்தையும் ஸ்பாஞ்சு குடிச்சிடுச்சு."

விசிறி முதல் சரணத்திலேயே நின்றுவிட்டதாம்.

டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்றார். மறுநாள் வீட்டுக்கு வந்த இயக்குநர் அம்மா அழுதுகொண்டே, "அந்த ஷாட்டத் தூக்கிடறேன் தம்பி" என்றார்.

"வேணாம் மேடம். புள்ளைங்க அதுலதான் நெஜமா சிரிக்கறாங்க. அக்கா வர்றதுக்கு முன்னாடி நிறுத்திக்கங்க."

"உனக்குப் பைத்தியமா?" என்றேன் நான்.

"ஆட்டம் நல்லா இல்லியா, சொல்லு."

நன்றாகத்தான் இருந்தது. எப்படி இல்லையென்பேன்?

ஜிப்பைப் பிரித்தெறிந்துவிட்டு, உள்ளிருந்து அவனே கையால் பிரித்துக்கொள்கிற ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தேன். ஒவ்வொரு இழையையும் இழுத்து இழுத்துப் பார்த்தேன். இனிமேல் ஒவ்வொரு சரணத்துக்கும் தலையைக் கழற்றி இளைப்பாறலாம் என்றும் பேச்சு. மறுபடி உள்ளே போனான்.

அம்மாவிடம் நாங்கள் எதையும் சொல்லவில்லை. வீடியோ வெளியான அன்று அம்மா நடுவில் உட்கார, போனை நான் பிடித்துக்கொண்டேன். நீர்யானை தள்ளாடும் இடம் வந்ததும் அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"உங்கப்பா ஈரத் தரையில நடக்கற மாதிரியே இருக்குடா. இன்னொரு தடவ போடு."

தம்பியே விரலை நீட்டி அந்த இடத்துக்குத் திருப்பிவிட்டான். அம்மாவோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தான். அவன் இன்னொரு கை மட்டும் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டு, அடுத்ததைத் தேடிக்கொண்டிருந்தது.